காய் முற்றும்வரை

எங்கள் ஊரில் ஏறுவதற்கு மரம் உண்டு, பாறை இல்லை. பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில் காடாம்புலியூரைக் கடந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: செம்மண், முந்திரித் தோப்பு, நடுநடுவே பலா, மறுபடியும் செம்மண். சின்ன வயதில் நாங்கள் மலை என்று சொன்னது சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டைத்தான். பாறையேறிகளைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒரு பலாமரத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

வைகாசி பிறந்தால் தோப்புக்கு ஒரு பெரியவர் வருவார். குத்தகைக்காரருக்காகக் காய் பறிப்பவர். இடுப்பில் கத்தி, தோளில் கயிறு. மரத்தில் ஏறி ஒவ்வொரு காயையும் கத்தியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பார். முற்றாத காய் கெட்டியாக ஒலிக்கும். முற்றியது மந்தமாக, உள்ளே கொஞ்சம் இடம் விட்டதுபோலச் சத்தம் தரும். பத்தைத் தட்டி இரண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிடுவார். "வடக்குக் கெளையில கெடக்குறது வர்ற வெள்ளிக்கு ஆவும்" என்பார். சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்து நேராக அந்தக் கிளைக்குப் போவார். சுற்றுவட்டாரத்தில் எத்தனை தோப்பு, எத்தனை மரம்! கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பெரியவரை மறந்தே போயிருந்தேன். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்த என் அக்கா மகன் கைபேசியைக் காட்டியபோதுதான் நினைவுக்கு வந்தார்.

அவனுக்குப் பெங்களூரில் வேலை. வெள்ளிக்கிழமை இரவானால் கயிற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பாறையேறுவது அவனுக்குப் பொழுதுபோக்கு என்று நான் நினைத்திருந்தேன். கைபேசியில் இருந்த பட்டியலைப் பார்த்த பிறகு, கணக்கு வழக்குள்ள ஒரு தொழில்போலத் தெரிந்தது. பாதாமி, ஹம்பி, ராமநகரம் என்று ஊர் ஊராகப் பிரித்து, ஒவ்வோர் ஊருக்குக் கீழும் ஏறவேண்டிய தடங்களின் பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள்: 'குளிர்காலம் மட்டும்', 'மதியத்துக்கு மேல் நிழல்', 'இடது மோதிர விரல் ஆறிய பிறகு', 'ஒரே ஒரு வாய்ப்பு, அவசரப்படாதே'.

"போன வருஷம் இதுல எத்தனை முடிச்ச?"

"ஒம்பது, மாமா."

"புதுசா எத்தனை சேர்த்த?"

சிரித்தான். "நாப்பது இருக்கும்."

அடுப்படியிலிருந்தே அக்கா சொன்னாள்: "சொசைட்டிக் கடன் மாதிரி. கட்டக் கட்ட ஏறிக்கிட்டே போவுது."

அக்கா சொன்னதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. ஏற ஏறக் குறையவேண்டிய பட்டியல் ஏன் நீள்கிறது? கேட்டுப் பார்த்தால் பாறையேறிகள் அநேகமாக எல்லாரும் இப்படித்தான் என்கிறான்.

முதலில் தடம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அவர்கள் வாயில் அது 'ரூட்'. நமக்கு ஒரு பாறை ஒரு பாறைதான். அவர்களுக்கு அதே பாறையில் அடுத்தடுத்து இருபது, முப்பது தடங்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் பெயரும் கடுமையைச் சொல்லும் ஒரு கிரேடும் உண்டு. பாதாமியின் புகழ்பெற்ற 'கணேஷா' தடத்துக்கு 8பி பிளஸ். 2017இல் நார்வேயில் ஒரு குகைக் கூரையில் செக் நாட்டு ஆதாம் ஒந்திரா ஏறிமுடித்த 'சைலன்ஸ்' உலகின் முதல் 9சி. இந்தப் பெயர்களும் எண்களும் பாறையில் எழுதியிருப்பதில்லை. பார்க்கத் தெரிந்தவர் கண்ணில்தான் தடம் இருக்கிறது.

இதை ஒரு சோதனை அழகாகக் காட்டியிருக்கிறது. 2010இல் ஜொவான்னி பெட்சுலோவும் அவருடன் மூன்று இத்தாலிய ஆய்வாளர்களும் வெளியிட்டது. செயற்கை ஏறுசுவர் ஒன்றில் மூன்று தடங்கள். ஒன்று எளிது, ஒன்று கடினம். மூன்றாவதில் பிடிகள் கண்ணைப் பறிக்கும்படி இருக்கும், ஆனால் மனித உடலால் ஏறவே முடியாது. தேர்ந்த ஏறிகளுக்கும் கற்றுக்குட்டிகளுக்கும் பயிற்சியாளர் ஒவ்வொரு தடத்தின் பிடிகளையும் சுட்டிக்காட்டினார். யாரும் சுவரைத் தொடவில்லை. பிறகு, பிடிகள் எங்கெங்கே இருந்தன என்று நினைவிலிருந்து குறிக்கச் சொன்னார்கள்.

தேர்ந்தவர்களுக்கு எல்லாமே நன்றாக நினைவிருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி வரவில்லை. எளிய தடத்தில் இரு தரப்பும் சமம். ஏறமுடியாத தடத்திலும் சமம். கடினமான, ஆனால் ஏறக்கூடிய அந்த நடுத் தடத்தில் மட்டும்தான் தேர்ந்தவர்கள் முந்தினார்கள். பிடிகளைப் படமாக அவர்கள் மனப்பாடம் செய்யவில்லை. பார்க்கும்போதே உள்ளுக்குள் ஏறிப் பார்த்துவிடுகிறார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இடது கை இங்கே, அப்படியானால் வலது கால் அங்கே, இடுப்பைச் சுவரோடு ஒட்டித் திருப்பினால் அடுத்த பிடி எட்டும். இப்படி உடல் கோத்துக்கொண்டது மறப்பதில்லை. எட்டாத இடத்தில் கோவை அறுந்துவிடும். அங்கே நிபுணரும் நம்மைப் போலப் புள்ளிகளைத்தான் பார்க்கிறார்.

சதுரங்கத்தில் இதே சங்கதி முன்பே தெரியும். மெய்யான ஆட்டத்து நிலையைச் சில நொடி காட்டி மறைத்தால் வல்லுநர் அப்படியே அடுக்கிவிடுவார். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டினால் அவருடைய மேன்மை பெரும்பாலும் போய்விடும். சேஸ், சைமன் இருவரும் 1973இல் காட்டியது. ஆனால் பாறை விஷயத்தில் ஒரு கூடுதல் சுவை இருக்கிறது. கண்ணில் படுவதன் எல்லையை அங்கே உடலின் திறமை வரைகிறது.

அப்படியானால் அக்காவின் கணக்குக்கு விடை வந்துவிட்டது. ஒன்பது தடம் ஏறி முடித்தவன் பழைய ஆள் இல்லை. விரல் கொஞ்சம் இறுகியிருக்கும், குதிகாலைக் கொக்கிபோல மாட்டும் வித்தை ஒன்று கூடுதலாகக் கைவந்திருக்கும். நேற்றுவரை அவனுக்கு 'முடியாதது' என்ற இருட்டில் கிடந்த பாறைமுகத்தின் ஒரு பகுதி இன்று 'கடினமானது' என்ற வெளிச்சத்துக்குள் வருகிறது. அங்கே ஒன்பதா இருக்கும்? நாற்பது இருக்கிறது. இதைக் கடன் என்பதைவிடப் பார்வை கூடிய கணக்கு என்று சொல்லலாம். அக்காவிடம் சொன்னேன். "இதுக்கும் கண்ணாடிக் கடைதான் போவணுமா?" என்றாள்.

கோட்பாட்டைச் சோதிக்க எங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரே செங்குத்துச் சுவர் நெய்வேலிச் சுரங்கம். மறுநாள் அவனைப் பார்வை மேடைக்குக் கூட்டிப்போனேன். 1934இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் நீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1957இல் வெட்டத் தொடங்கினார்கள். 1961இல் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. கரியை எட்டுவதற்குமுன் ஐம்பது மீட்டருக்கும் மேல் செம்மண்ணையும் மணற்கல்லையும் அகற்ற வேண்டும். வாளிச்சக்கர எந்திரம் சீவிவிட்ட சுவர்கள் படிப்படியாக, ரத்தச் சிவப்பில் கீழே இறங்குகின்றன. பார்க்கப் பிரமாதம். அவன் ஐந்து நிமிடம் பார்த்தான்.

"ஒரு லைனும் தெரியல மாமா."

தெரியாது. புவியியல் நூல்களில் இந்தப் பாறைக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு வயது, பாறைக் கணக்கில் கைக்குழந்தை. மணல் படிந்தது உண்மை. ஆனால் மணியோடு மணியை ஒட்டும் பசை சரியாக இறுகவில்லை. களிமண்ணும் இரும்புத் துருவும் பிடித்துவைத்திருக்கும் வரைதான் அது கல். நகத்தால் சுரண்டினால் கையோடு வரும். சுரங்கத்தில் சுவரை ஒரே உயரமாக விடாமல் படிகளாக வெட்டுவதும் அது சரிந்துவிடும் என்பதால்தான்.

பாதாமியில் சாளுக்கியர் குகைக்கோயில் குடைந்ததும் மணற்கல்தான். பெயர் ஒன்று, பிறப்பு வேறு. அது 54 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அத்தனை காலம் மண்ணழுத்தத்தில் கிடந்து, மணிகளுக்கு இடையே சிலிக்கா ஊறி உறைந்து, உளி பட்டால் பொறி பறக்கும் அளவுக்கு இறுகிவிட்டது. படிவுகள் கிடைமட்டமாக அடுக்கியிருப்பதால் விரல்நுனிக்கு விளிம்பு விளிம்பாகப் பிடி. நம் ஊர்க் கல்லும் பொறுத்திருந்தால் அப்படி ஆகலாம். அவன் பட்டியலில் சேர்க்கும் அளவுக்குப் பக்கத்துத் தேதி அல்ல, அவ்வளவுதான்.

இனி அந்தக் குறிப்புகளுக்கு வருவோம். 'குளிர்காலம் மட்டும்' என்பது சொகுசு இல்லை, இயற்பியல். பாறையில் நிற்பது முழுக்க முழுக்க உராய்வை நம்பி. உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. அவை வெயிலுக்கு மட்டுமின்றிப் பயத்துக்கும் சுரக்கும். உயரத்தில் தொங்குபவனுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். அதற்காகத்தான் மெக்னீசியம் கார்பனேட் பொடியை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு தடவுகிறார்கள். ஜிம்னாஸ்டிக் கூடத்திலிருந்து 1950களில் அதைப் பாறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜான் கில். ஷூவின் ரப்பரும் சூடானால் இளகி, சிறு விளிம்பில் உருண்டுவிடும். ஹம்பியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் கூட்டம். அதிலும் விடிகாலையும் அந்தியும். மற்ற மாதங்களில் அங்கே பாறைமேல் முட்டை வேகும். ஆக, ஒரு தடத்துக்கு வருடத்தில் சில மாதம், அந்த மாதங்களில் ஒரு நாளைக்குச் சில மணி நேரம். கையில் ஒரே தடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவன் ஏமாந்து போவான். பட்டியல் நீளமாக இருந்தால் எந்த வெயிலுக்கும் எந்த விரல்வலிக்கும் ஏற்றதாக ஒன்று அகப்படும்.

விரல்வலி சின்ன விஷயமில்லை. விரலை மடக்கும் தசைநார் எலும்பை விட்டு எழும்பாதபடி வளையங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, தூண்டிற்கோலில் நரம்பு ஓடும் வளையம் போல. அரை விரல்நுனியில் முழு உடலையும் தொங்கவிட்டால் அடிவிரல் பக்கத்து வளையம் கிழியும். 'டப்' என்று சத்தம்கூடக் கேட்கும் என்கிறார்கள். தசை சில வாரங்களில் வலுத்துவிடும். தசைநாரும் வளையமும் அப்படியல்ல, ரத்த ஓட்டம் குறைவு, மாதக்கணக்கு ஆகும். கையில் பலம் வந்துவிட்டது, வளையம் இன்னும் வரவில்லை என்கிற அந்த இடைவெளியில்தான் இளைஞர்கள் விரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 'ஆறிய பிறகு' என்று எழுதிவைப்பது அந்த இடைவெளியைத் தாண்டும் உபாயம்.

'ஒரே ஒரு வாய்ப்பு' என்ற குறிப்புதான் எனக்கு நெடுநேரம் விளங்கவில்லை. ஒரு தடத்தை முன்பின் ஏறாமல், பிறர் ஏறியதையும் பார்க்காமல், யாரிடமும் துப்புக் கேட்காமல், முதல் முயற்சியிலேயே விழாமல் முடிப்பதற்கு 'ஆன்சைட்' என்று பெயர். அதை ஒரு தடத்தில் ஒருமுறைதான் முயலலாம். விழுந்தால் போச்சு, பிறகு நூறு முறை ஏறினாலும் அந்த முதல் முறை திரும்பாது. அதனால் மிகவும் ஆசைப்பட்ட தடத்தைத் தொடாமலே வைத்திருக்கிறார்கள். நண்பன் அதில் ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். பார்த்தவுடன் பறிக்காமல் தட்டிப் பார்த்து விட்டுவைத்த எங்கள் பெரியவர்தான்.

காத்திருப்பதிலேயே ஒரு ருசி இருக்கிறது என்பதற்கும் சோதனைச் சான்று உண்டு. 1987இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் மாணவர்களிடம் கேட்டார்: உங்களுக்குப் பிடித்த சினிமா நட்சத்திரம் ஒரு முத்தம் தருவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள், அது உடனே கிடைத்தால், மூன்று நாள் கழித்து, ஒரு வருடம் கழித்து? மூன்று நாள் தள்ளிப்போன முத்தத்துக்குத்தான் அதிக விலை வந்தது. நம் ஊரில் முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு திரிபவர்களிடம் கேட்டிருந்தால் அவருக்கு ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

மூளைக்குள்ளும் இதன் சாயல் தெரிகிறது. வோல்ஃப்ரம் ஷூல்ட்சும் உடனாய்வாளர்களும் 2003இல் குரங்குகளிடம் பார்த்தது: பழச்சாறு நிச்சயம் வரும், நிச்சயம் வராது என்ற இரண்டு நிலையிலும் டோபமின் நரம்பணுக்கள் காத்திருக்கும் நேரத்தில் அமைதியாக இருந்தன. பாதிக்குப் பாதி வரலாம் என்றபோதுதான் எதிர்பார்ப்பு நேரம் முழுக்க அவை மெல்ல மெல்லச் சூடேறின. குரங்கின் பழச்சாற்றிலிருந்து பாதாமியின் பாறைக்குத் தாவுவது நீளமான தாவல் என்று தெரியும். ஆனால் மருமகன் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது பட்டியலின் எந்தப் பகுதி என்று கவனித்தேன். உறுதியாக முடியக்கூடியதையும் பார்ப்பதில்லை, வெறும் கனவையும் பார்ப்பதில்லை. நடுவில்தான் கட்டைவிரல் நிற்கிறது.

எழுதிவைப்பது எதற்கு என்றால் எல்லாரும் ஸைகார்னிக் கதையைச் சொல்வார்கள். பெர்லின் உணவகத்தில் பரிமாறுபவர்களுக்குப் பணம் வராத மேசைகளின் கணக்கெல்லாம் நினைவிருந்தது, வந்ததும் மறந்துபோனது. அதைப் பார்த்து புளூமா ஸைகார்னிக் 1927இல் முடியாத வேலை மனதில் நிற்கும் என்று நிறுவினார் என்று. தன்முன்னேற்ற நூல்களில் இந்தக் கதைக்குக் குறைவே கிடையாது. பின்னாளில் திரும்பச் செய்து பார்த்த ஆய்வுகளில் நினைவு பற்றிய அந்த முடிவு ஆட்டம் கண்டது. நின்று பிடித்தது, அதிகம் பேர் அறியாத இன்னொரு முடிவு: அதே ஆய்வகத்தில் இருந்த மரியா ஓவ்சியான்கினா 1928இல் சொன்னது. பாதியில் நிறுத்திய வேலையை, யாரும் சொல்லாமலே, பரிசு எதுவும் இல்லாமலே, மனிதர்கள் மறுபடி கையில் எடுக்கிறார்கள். பாதியில் விழுந்த தடத்துக்கு இரவுப் பேருந்தில் திரும்பிப் போகிறவனை விளக்க எனக்கு இந்த அம்மையார் போதும். மாசிகாம்போ, பவுமைஸ்டர் என்ற இருவர் 2011இல் கண்டது இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது: முடியாத வேலை அடுத்த வேலையில் குறுக்கிடுகிறது, ஆனால் எப்போது, எப்படிச் செய்வேன் என்று திட்டம் எழுதிவிட்டால், வேலையைச் செய்யாமலே அந்தக் குறுக்கீடு அடங்கிவிடுகிறது. 'குளிர்காலம் மட்டும்' என்று எழுதிய பிறகு அவன் மேமாதம் நிம்மதியாக அலுவலகம் போகிறான்.

பட்டியல் போடும் வழக்கம் பாறையேறிகளின் கண்டுபிடிப்பும் இல்லை. எங்கள் அம்மா பண்ருட்டித் திருவதிகையில் தொடங்கி அட்ட வீரட்டானம் எட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியவள். திருவந்திபுரம் போய்வந்ததும் 108 திவ்விய தேசங்களில் எத்தனை ஆயிற்று என்று விரல்விட்டு எண்ணுவாள். 108இல் திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த மண்ணில் இல்லை. முடிக்க முடியாதபடி ஒரு பட்டியலைப் போட்டு, அதைப் பல நூற்றாண்டு காலம் சலிக்காமல் நடந்துகொண்டிருக்கும் கூட்டம் நாம்.

ஸ்காட்லாந்தின் ஹியூ மன்றோ இதைப் படித்தால் ஒப்புக்கொள்வார். மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட தம் நாட்டு மலைகளை 1891இல் பட்டியலிட்டு வெளியிட்டார், 283 வந்தன. பத்தே ஆண்டில் ராபர்ட்சன் என்ற பாதிரியார் எல்லாவற்றையும் ஏறிவிட்டதாக அறிவித்தார். பட்டியல் போட்டவரோ 1919இல் இறக்கும்வரை முடிக்கவில்லை. மிச்சம் நின்றவற்றில் ஒன்று, கயிறு கட்டிப் பாறையேறினால்தான் எட்டக்கூடிய ஒரு கொடுமுடி. இன்னொன்று எளிதான மலை. அதைக் கடைசியில் ஏறிக்கொள்ளலாம் என்று அவரே ஒதுக்கிவைத்திருந்தார். இங்கேயும் அப்படி ஒருவர் உண்டு. தேனி மாவட்டத்தில் பிறந்து, சித்ரதுர்கா கோட்டையில் குரங்குகளைப் பார்த்துக் கயிறில்லாமல் ஏறப் பழகிய ஜோதிராஜ், வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவிமேல் கண் வைத்திருப்பதாகச் சொல்லிவந்தவர். 979 மீட்டர் உயர அருவி. ஆசையின் நீளத்துக்குக் கையின் நீளம் தடையில்லை.

மருமகன் ஊருக்குத் திரும்புமுன் ஒருநாள் செஞ்சிக்குப் போனோம். மெய்யான பாறை, காடாம்புலியூரிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர். சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல் இனப் பாறை. பூமிக்கடியில் விரிசல்கள் வழியே நீர் இறங்கி மூலைகளைத் தின்றுவிட, மேல்மண் கரைந்துபோனதும் உருண்டைக் கற்கள் மட்டும் யாரோ குவித்துவைத்ததுபோல மிஞ்சிவிட்டன. கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது; 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. அதற்குமுன் சில ஆண்டுகள் உத்தேசப் பட்டியலில் காத்திருந்தது. நாடுகளும் இந்த வேலையைச் செய்கின்றன! கோட்டைச் சுவரிலோ பாறையிலோ கை வைக்கும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. ராஜகிரி மலை அடிவாரத்தில் நின்று பார்க்க மட்டும் செய்தோம்.

குழியும் புடைப்புமாக இருந்த ஒரு பெரிய முகத்தைக் காட்டி, "இதுல ஏறலாம் போலிருக்கே" என்றேன்.

"அது ஆவாது மாமா. பாதியில பிடி நின்னுடும்." பக்கத்தில் ஒரு மொழுமொழுப் பாறையைக் காட்டினான். "இங்க பாருங்க, ஒரு லைன் போவுது." நான் எத்தனை பார்த்தும் எனக்குக் கல்தான் தெரிந்தது. பெட்சுலோவின் சோதனையில் நான் கற்றுக்குட்டி வரிசை.

அதன்பிறகு இரண்டு முறை பெங்களூர் போயிருந்தேன். இரண்டு முறையும் செயற்கைச் சுவரில் என்னை ஏற்றிவிட்டான். ஐம்பத்து மூன்று வயதில் நாலு மீட்டர் உயரத்தில் கால் நடுங்கத் தொங்குவது எப்படி இருக்கும் என்று விவரிக்கப் போவதில்லை. முழங்கையை நீட்டித் தொங்கு, காலால் தள்ளு, இடுப்பைத் திருப்பு என்று கீழிருந்து கயிறு பிடித்துக்கொண்டு கத்தினான். மூன்றாவது மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். செஞ்சி தாண்டி, சாலையோரம், கோட்டைக்கெல்லாம் சம்பந்தமில்லாத ஒரு தனிப் பாறை. நாலு ஆள் உயரம் இருக்கும். இடது அடியில் ஒரு விளிம்பு, அதிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு. அதில் கையைச் செருகி, இடுப்பைத் திருப்பினால் வலப்பக்கம் ஒரு கிண்ணம் எட்டும். பேருந்து வளைவில் திரும்பிவிட்டது. சட்டைப்பையில் இருந்த டிக்கெட்டை எடுத்து, பின்பக்கம் மைல்கல் எண்ணை எழுதி, கீழே 'மார்கழி, காலையில்' என்று எழுதினேன்.